கேட்டுப் பெற்ற மருத்துவம்: தமிழகத்தில் புற்றுநோய்ச் சிகிச்சை வளர்ந்த வரலாறு

அறத்தையும் மருந்தையும் ஒருசேர வைத்து எண்ணிய மரபு நம்முடையது. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஏலாதியும் சிறுபஞ்சமூலமும் மருந்துகளின் பெயரையே தம் பெயராகக் கொண்டவை. முன்னது ஏலம் முதலான ஆறு பொருள்களின் கூட்டு; பின்னது ஐந்து வேர்களின் கூட்டு. அவற்றை இயற்றிய கணிமேதாவியாரும் காரியாசானும் நம் சமயச் சான்றோர். உடற்பிணி நீக்கும் மருந்தின் பெயரை உளப்பிணி நீக்கும் நூலுக்கு இட்டவர்கள், இரண்டையும் ஒரே அறத்தின் இரு கிளைகளாகக் கண்டார்கள் என்பது தெளிவு. உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி என்னும் நால்வகைத் தானங்களுள் ஔடத தானத்தை வைத்துப் போற்றியதும் இந்நோக்கினாலேயே.

மூலிகையை இடித்துப் பொடியாக்கி வருவோர்க்கு வழங்கிய காலத்தில் ஔடத தானம் ஒருவர் கையால் இயற்றக்கூடிய அறமாக இருந்தது. இன்றோ சில நோய்களுக்குத் தனியொருவர் எவ்வளவு பொருள் உடையவராயினும் மருந்தளிக்க இயலாது. கருவி வேண்டும், பயின்ற மருத்துவர் வேண்டும், செவிலியர் வேண்டும், இவையெல்லாம் ஒரு கூரையின்கீழ் நிலையாக இருத்தல் வேண்டும். புற்றுநோய் அத்தகையது. ஆகவே இக்காலத்தில் ஔடத தானத்தின் முதற்படி கொடுத்தல் அன்று, கேட்டல். நோயுற்றோர் சார்பில் அரசிடமும் ஊராரிடமும் மருத்துவமனை நிருவாகத்திடமும் விடாது கேட்டல். தன்பொருட்டு இரத்தலை நம் அறநூல்கள் இழிவென்றன. பிறர்பொருட்டுக் கேட்பதை அதனோடு ஒருங்கு வைத்தல் பொருந்தாது. தமிழகத்தில் புற்றுநோய்ச் சிகிச்சை வேரூன்றிய வரலாற்றைப் பார்ப்போர்க்கு இவ்வுண்மை புலனாகும்.

நெய்யூர் தந்த முதற்பாடம்

கிரேக்க மருத்துவர்கள் இந்நோயை நண்டு என்று பொருள்படும் சொல்லால் அழைத்தனர். தமிழில் புற்று என்றோம். கறையான் புற்றைப் போலவே இதுவும் வெளியே சிறிதாகவும் உள்ளே பெரிதாகவும் வளர்வது. நோயின் பெயரைச் சொல்லவே அஞ்சிய காலம் நீண்டிருந்தது. பெயர் சொல்லாமையால் நோய் மறைந்துவிடவில்லை. மருத்துவரை நாடும் நாள்தான் தள்ளிப்போயிற்று.

இந்நோயை எண்ணிக் கணக்கெடுத்த முன்னோடி முயற்சிகளுள் ஒன்று ஒரு சிற்றூர் மருத்துவமனையில் நிகழ்ந்தது என்பது பலர் அறியாத செய்தி. இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலும் அன்று திருவிதாங்கூர் அரசிலும் அடங்கிய நெய்யூரில், 1838ஆம் ஆண்டு ஆர்ச்சிபால்டு ராம்சே என்னும் மருத்துவர் இலண்டன் மிஷன் சார்பில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். அவ்வழியில் வளர்ந்த மருத்துவப் பணியிலிருந்து பென்டால் என்னும் மருத்துவர் 1908ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். திருவிதாங்கூரில் கண்ட 1,700 புற்றுநோயாளரைப் பற்றிய தொகுப்பு அது. 1933ஆம் ஆண்டு ஓர் என்னும் மருத்துவர், திருவிதாங்கூரில் வெற்றிலை பாக்கு மெல்வோரிடம் காணப்படும் வாய்ப்புற்றைப் பற்றி லான்செட் இதழில் எழுதினார். எவரெஸ்ட் மலையேற்றக் குழுக்களில் 1922, 1924 ஆகிய ஆண்டுகளில் இடம்பெற்ற சாமர்வெல் என்னும் அறுவை மருத்துவர் தம் பணிக்காலத்தின் பெரும்பகுதியை நெய்யூரிலேயே கழித்தார். அவர் காலத்தில் வாய்ப்புற்றுக்கு ரேடியம் கொண்டு சிகிச்சை அளித்த இடங்களுள் நெய்யூரும் ஒன்றாயிற்று.

திருமணத்தில் தாம்பூலம் மாற்றும் பண்பாடு நம்முடையது. அத்தாம்பூலத்தோடு புகையிலையைச் சேர்த்துக் கன்னத்தில் அடக்கும் வழக்கம் எவ்வளவு கொடிது என்பதை உலகுக்கு உணர்த்தியவற்றுள் நம் தென்கோடிச் சிற்றூர் மருத்துவமனையும் ஒன்று. பெருநகரத்து ஆய்வுக்கூடத்தினும் ஊர் மருத்துவமனையே ஊராரின் நோயை முதலில் அறியும். இது நெய்யூர் தரும் பாடம்.

மும்பையும் சென்னையும்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கதிரியக்கச் சிகிச்சை பெருநகரங்களில் மெல்லப் பரவியது. சென்னைப் பொது மருத்துவமனையில் 1934ஆம் ஆண்டு பர்னார்டு கதிரியக்க நிலையம் திறக்கப்பெற்றது. மும்பையில் தொழிலதிபர் தொராப்ஜி டாட்டாவின் மனைவி மெகர்பாய் அம்மையார் 1931ஆம் ஆண்டு இரத்தப் புற்றினால் இறந்தார். அடுத்த ஆண்டே தொராப்ஜியும் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற அறக்கட்டளையின் பொருளால் 1941ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் டாட்டா நினைவு மருத்துவமனை திறக்கப்பெற்றது. கல்கத்தாவில் சித்தரஞ்சன் புற்றுநோய் மருத்துவமனையை 1950ஆம் ஆண்டு சனவரியில் மேரி கியூரியின் மகள் ஐரீன் ஜோலியோ கியூரி திறந்து வைத்தார்.

மும்பைக்கு ஒரு பெருஞ்செல்வரின் அறக்கட்டளை வாய்த்தது. சென்னைக்கு அத்தகைய செல்வம் வாய்க்கவில்லை. கேட்டுக் கேட்டு ஓயாத ஒரு பெண்மணி வாய்த்தார்.

பத்தொன்பது ஆண்டுக் காத்திருப்பு

1886ஆம் ஆண்டு சூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, ஆடவர் மட்டுமே பயின்ற அவ்வூர் மன்னர் கல்லூரியில் மன்னரின் இசைவால் சேர்ந்து பயின்றவர். 1907ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். பின்னர்ச் சென்னைச் சட்டமன்றத்தில் அமர்ந்து, தேவதாசி முறை ஒழிப்புக்கும் குழந்தை மணத் தடுப்புக்கும் போராடியதை நாடறியும். அவ்வை இல்லத்தை நிறுவியதையும் நாடறியும். அவர் வாழ்வின் பிற்பகுதியை ஆட்கொண்டது மற்றொரு பணி.

அவருடைய தங்கை புற்றுநோயால் இளமையிலேயே உயிர் துறந்தார். மருத்துவராக இருந்தும் உடன்பிறந்தவளைக் காக்க இயலவில்லையே என்னும் துயர் அவர் நெஞ்சில் நிலைத்தது. துயரைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல் ஊர்ப்பணியாக மாற்றியமையே அவர் பெருமை. 1935ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா மேடையில், புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை ஒன்று அமைக்கும் தம் எண்ணத்தை வெளிப்படையாக அறிவித்தார். அப்போது அவருக்கு அகவை 49.

அறிவிப்பு நிறைவேற 19 ஆண்டுகள் ஆயின. இடையில் உலகப் போர் வந்தது, நாடு விடுதலை பெற்றது, ஆட்சிகள் மாறின. ஆட்சிப் பொறுப்பில் இருந்தோரிடம் அம்மையார் கேட்டபோது, புற்றுநோய் கண்டோர் எப்படியும் இறப்பவர்கள்தாமே, அவர்களுக்கென ஒரு மருத்துவமனை எதற்கு என்னும் பொருள்பட மறுமொழி வந்ததாக அவர் வழிவந்த மருத்துவர் சாந்தா பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். அந்த மறுமொழியை ஒருவரின் கடுமொழியாகக் கொள்ளல் வேண்டா. அக்காலத்துப் பொதுக் கருத்தே அதுதான். நோயின் தன்மையைப் பற்றிய அறியாமை ஒருபுறம். வேறு நோய்களுக்கே மருத்துவமனை போதாத வறுமை மறுபுறம். அம்மையார் எதிர்த்து நின்றது இவ்விரண்டையும்.

அரசு முன்வரும்வரை அவர் காத்திருக்கவில்லை. 1917ஆம் ஆண்டு அடையாற்றில் தோன்றிய இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு 1949ஆம் ஆண்டு புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பெற்றது. சிறுகச் சிறுகப் பொருள் சேர்ந்தது. 1952ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் தலைமையமைச்சர் நேரு அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு சூன் 18ஆம் நாள் மருத்துவமனை தன் பணியைத் தொடங்கியது. அன்று அதில் இருந்தவை 12 படுக்கைகளே. இன்று நாடறிந்த அடையாறு புற்றுநோய் நிலையம் ஒரு சிற்றூர் மருந்தகத்தின் அளவில்தான் பிறந்தது என்பதை, சிறிய முயற்சிகளைக் கண்டு எள்ளுவோர் நினைத்தல் நன்று.

அம்மையாரின் மகன் மருத்துவர் கிருஷ்ணமூர்த்தி அயல்நாட்டில் பயிற்சி பெற்று வந்து அப்பணியில் இணைந்தார். 1955ஆம் ஆண்டு மருத்துவர் சாந்தா வந்து சேர்ந்தார். மகளிர் மருத்துவமனையில் அரசுப் பணி காத்திருக்க, அதனை விடுத்து இச்சிறு மருத்துவமனையைத் தேர்ந்த அவர், 2021ஆம் ஆண்டு சனவரியில் மறையும்வரை அவ்வளாகத்தையே தம் இல்லமாகக் கொண்டிருந்தார். கனடா நாட்டிலிருந்து கோபால்ட் கதிர்க்கருவி வந்தது. குழந்தைகளின் புற்றுநோய்க்கெனத் தனிப்பிரிவு அமைந்தது. 1984ஆம் ஆண்டு புற்றுநோய் மருத்துவத்துக்கெனக் கல்லூரியும் தோன்றியது. முத்துலட்சுமி அம்மையார் 1968ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மறைந்தார். தாம் கேட்டது கிடைத்ததைக் கண்டு மறைந்த நற்பேறு அவருடையது.

அம்மையார் மறைந்த அதே 1968இல்தான் தமிழக முதலமைச்சர் அறிஞர் அண்ணா புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை பெறக் கடல் கடந்து நியூயார்க்குக்குச் சென்றார். 1969ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் பிறந்த காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அவர் பெயரால் அரசு புற்றுநோய் மருத்துவமனை அமைந்தது. வந்தவாசி, செய்யாறு, ஆரணிப் பகுதிகளில் வாழும் நம்மவர்க்கு அண்மையில் உள்ள பெரிய புற்றுநோய் மருத்துவமனை அதுவே. தலைவர் ஒருவரின் பிரிவுத் துயர் எளியோர்க்கு மருத்துவமனையாக மலர்ந்தது.

திண்டுக்கல் காட்டிய வழி

நெய்யூரும் அடையாறும் காரப்பேட்டையும் நோய் முற்றியவர்க்குப் புகலிடம் ஆயின. நோயை முளையிலேயே அறிந்து களைவதற்கு நோயாளர் மருத்துவமனைக்குச் செல்வது போதாது. மருத்துவம் ஊருக்குள் வரல் வேண்டும். இதனை ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பித்த ஆய்வு நம் திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்தது.

அம்பிளிக்கை என்னும் ஊரிலுள்ள கிறித்தவ மருத்துவ மையமும் உலகச் சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் இணைந்து அதனை நடத்தின. 114 ஊராட்சிகள் இரு பாதிகளாகப் பகுக்கப்பெற்றன. 57 ஊராட்சிகளில் 30 முதல் 59 அகவை வரையிலான மகளிர் கருப்பை வாய்ப் பரிசோதனைக்கு அழைக்கப்பெற்றனர். ஏனைய 57 ஊராட்சிகளில் வழக்கமான மருத்துவ வசதியே தொடர்ந்தது. 2000 முதல் 2003 வரையிலான காலத்தில் 31,343 மகளிர் பரிசோதிக்கப்பெற்றனர்.

பரிசோதனை மிக எளிது. வினிகரில் உள்ள அமிலத்தை நீர்த்த அளவில் கருப்பை வாயில் தடவிச் சிறிது நேரம் பொறுத்தால், மாறுபட்ட இடம் வெண்மையாகத் தோன்றும். விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. இதனைச் செய்தோர் பயிற்சி பெற்ற செவிலியரே. ஐயத்திற்குரிய இடத்தை உறையச் செய்து நீக்கும் சிகிச்சையும் உடனுக்குடன் அளிக்கப்பெற்றது. 2007ஆம் ஆண்டு லான்செட் இதழில் வெளிவந்த முடிவு இது: பரிசோதனைக்கு அழைக்கப்பெற்ற ஊராட்சிகளில், மற்ற ஊராட்சிகளை நோக்க, கருப்பை வாய்ப் புற்று 25 விழுக்காடும் அதனால் நேர்ந்த இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன.

செவிலியர் ஒருவரின் கையும் சிறிதளவு அமிலமும் இவ்வளவு தாய்மாரைக் காக்கும் என்றால், அது நம் ஊர் மருத்துவமனையில் ஒவ்வொரு வாரமும் நிகழ வேண்டும் என்று கேட்பது மிகையான வேண்டுகோள் ஆகாது.

நோயை வெல்ல இயலாத நிலையிலும் வலியை வெல்லலாம் என்பதைக் கேரளம் காட்டியது. 1993ஆம் ஆண்டு கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்பு மருத்துவச் சங்கம், ஊர்த் தொண்டர்களைப் பழக்கி நோயாளரின் இல்லத்துக்கே அனுப்பியது. 2008ஆம் ஆண்டு கேரள அரசு அதனைத் தன் கொள்கையாகவே ஏற்றது. புற்றுநோய் வலிக்கு இன்றியமையாத மார்பின் மருந்து, 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கடுமையால் நோயாளர்க்குக் கிட்டாமல் இருந்தது. மருத்துவர்களும் தொண்டர்களும் பல்லாண்டு வேண்டியதன் பயனாக 2014ஆம் ஆண்டு அச்சட்டம் திருத்தப்பெற்று நடைமுறை எளிதாயிற்று. அதுவும் கேட்டுப் பெற்றதே.

நம் ஊர் மருத்துவமனையில் எவற்றைக் கேட்பது?

வரலாறு இவ்வாறிருக்க, நம் நிலையை எண்ணிப் பார்ப்போம். ஆசிரியப் பணியில் யான் இருந்த நாளில், உடன் பணியாற்றிய சத்துணவு ஊழியர் ஒருவர் நாவின் ஓரத்தில் புண்ணோடு பல மாதம் நடமாடினார். பல்லின் கூர்மையால் வந்த புண் என்று பலரும் கூற, அவரும் அதனை நம்பினார். ஊர் மருத்துவமனையில் வாயைத் திறந்து விளக்கொளியில் பார்க்கும் ஏற்பாடு இருந்திருப்பின் இரண்டாம் வாரத்திலேயே ஐயம் எழுந்திருக்கும். பெருநகர மருத்துவமனையை அவர் அடைந்தபோது நோய் கழுத்துக்கு இறங்கியிருந்தது. கதிர்ச் சிகிச்சை வாரத்துக்கு ஐந்து நாளாக ஆறு வாரங்களுக்கு மேல் நீளும் என்றனர். நாட்கூலியாளரான கணவர் அத்தனை நாளும் துணையிருக்க இயலவில்லை. சிகிச்சை பாதியில் நின்றது. காப்பீட்டு அட்டை அவரிடம் இருந்தது. ஆயினும் உணவு, தங்கல், இழந்த கூலி ஆகியவற்றை அவ்வட்டை ஈடு செய்யவில்லை.

எல்லாச் சிகிச்சையையும் நம் வட்டத் தலைமை மருத்துவமனையிலேயே கேட்பது அறிவுடைமை ஆகாது. கதிர்க்கருவிக்குத் தடித்த காங்கிரீட்டுச் சுவர்களும், இயற்பியல் வல்லுநரும், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் இசைவும் வேண்டும். பேரறுவையும் பெருமருத்துவமனைக்கே உரியது. ஆயின் ஐந்து பணிகள் ஊர் மருத்துவமனையில் நிகழக்கூடியவை.

ஒன்று, வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்றிடத்துப் பரிசோதனை வாரத்தில் குறித்த ஒரு நாளில் தவறாது நடைபெறல். மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் 2021 முதல் இல்லந்தோறும் செல்கிறது. அவ்வாறு சென்று அழைப்போர் கைகாட்டுவதற்கு ஓர் இடமும் ஒரு நாளும் உறுதியாக இருத்தல் வேண்டும்.

இரண்டு, ஐயத்திற்குரிய இடத்திலிருந்து சிறு தசைத்துணுக்கை எடுத்து உரிய ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவை இங்கேயே நோயாளர்க்குத் தெரிவித்தல். நோய் இல்லை என்று அறிவதற்காகவே நகரம் செல்வோரின் அலைச்சல் இதனால் ஒழியும்.

மூன்று, பெருமருத்துவமனை வகுத்துக் கொடுத்த மருந்துச் சிகிச்சையுள் எளியவற்றை, பயிற்சி பெற்ற மருத்துவர், செவிலியர் மேற்பார்வையில் பகல்நேரப் பிரிவில் அளித்தல். பல மருந்துகள் மூன்று வாரத்துக்கு ஒருமுறை செலுத்தப்படுபவை. காலையில் வந்து மாலையில் வீடு திரும்பக்கூடிய நோயாளர் சிகிச்சையைக் கைவிடார்.

நான்கு, வலி தணிப்பு. மார்பின் மாத்திரை இருப்பில் இருத்தலும், அதனை அஞ்சாது முறையறிந்து எழுதும் மருத்துவர் ஒருவர் இருத்தலும்.

ஐந்து, வழிகாட்டி ஒருவர். எந்த மருத்துவமனைக்கு, எந்நாளில், எந்தத் தாள்களோடு செல்வது, முதலமைச்சரின் காப்பீட்டை எவ்வாறு பயன்படுத்துவது என்பவற்றைப் பொறுமையாகச் சொல்பவர். இதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஒரு மேசையும் ஒரு நல்லுள்ளமும் போதும்.

எவ்வாறு கேட்பது?

முத்துலட்சுமி அம்மையாரின் வாழ்வில் இதற்கும் விடையுண்டு. அவர் ஒருமுறை கேட்டு ஓய்ந்தவர் அல்லர். தனித்துக் கேட்டவரும் அல்லர். மாதர் சங்கத்தோடு சேர்ந்து கேட்டார். வெறுங்கையோடும் கேட்கவில்லை, தாமும் பொருள் திரட்டிக்கொண்டே கேட்டார்.

நாமும் அம்மூன்றையும் பின்பற்றலாம். அரசு மருத்துவமனைகளில் நோயாளர் நலச் சங்கம் உண்டு. அதன் வழியே வேண்டுகோளை எழுத்தில் வைக்கலாம். திங்கள்தோறும் அல்ல, வாரந்தோறும் திங்கட்கிழமையில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் நடைபெறுகிறது. கிராம சபைக் கூட்டங்களில் தீர்மானம் நிறைவேற்றலாம். ஓர் ஊர் கேட்டால் வேண்டுகோள். இருபது ஊர் கேட்டால் அது தேவை என்று நிருவாகம் உணரும். நம் ஊரில் கடந்த ஐந்தாண்டில் புற்றுநோயால் இறந்தோர் எத்தனை பேர், எந்த உறுப்பில் நோய், எத்தனை தொலைவு சென்றனர், சிகிச்சையை முடித்தனரா என்று, பெயர் குறிக்காமல் கணக்கெடுத்து இணைக்கலாம். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நாம் இருக்கிறோம். கணக்கெடுப்பு நமக்குப் பழகிய பணி. பென்டால் என்னும் அயல்நாட்டு மருத்துவர் நூறாண்டுக்கு முன் நெய்யூரில் எண்ணினார். நம் உறவினரை நாமே எண்ணத் தயங்குவது முறையாகாது.

கேட்கும்போதே கொடுக்கவும் இயலும். நோயாளரின் துணைவர் தங்க ஓர் அறை, பேருந்துச் செலவுக்கு ஒரு சிறு நிதி, மருத்துவமனைக்கு உடன் செல்ல முறைவைத்து இருவர் ஆகியவை நம் ஊர்கள் தாங்கக்கூடியவை. நோன்பு நாள்களில் நாம் ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கு இதற்கென அமையுமாயின், நம் வேண்டுகோளுக்கு வலிமை கூடும்.

எவ்வுயிர்க்கும் தீங்கு செய்யாமை நம் முதல் நோன்பு. காக்கக்கூடிய உயிரைத் தொலைவின் பொருட்டும் தாமதத்தின் பொருட்டும் இழக்க விடுதலும் அந்நோன்புக்கு இழுக்கே. பன்னிரண்டு படுக்கைகளோடு அடையாற்றில் ஒரு பெருமருத்துவமனை பிறந்ததெனில், வாரம் ஒரு நாள் பரிசோதனையோடு நம் ஊரில் ஒரு தொடக்கம் பிறக்கலாம். அடுத்த ஆண்டு மலர் உங்கள் கையை அடையும் முன் அவ்வேண்டுகோள் உரியவர் கையை அடைந்திருக்க வேண்டும்.

ஔடத தானம் ஓங்குக! நோயற்ற வாழ்வு எங்கும் நிலவுக!